இடியாப்பத்தில் திப்பிலி

செஞ்சியில் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் மாவு மில் வைத்திருக்கும் மகாலட்சுமிக்கு மெதுவாகப் பேச வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அப்படியே நின்றுவிட்டது. கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு அம்மனிடம் தனியாக முறையிட்டாலும், வெளியே செருப்பு பார்த்துக்கொள்கிறவருக்கு அவள் குடும்ப நிலவரம் தெரிந்துவிடும். இப்படிப்பட்டவள் இரண்டு வருஷமாக ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்தாள். அதைச் சொல்வதற்கு முன்னால் அவளுடைய சீரியல் பைத்தியத்தைச் சொல்லியாக வேண்டும்.

பைத்தியம் என்று அவள் காதுபடச் சொல்லிவிடக் கூடாது. "நான் எங்க பாக்கறேன்? அது பாட்டுக்கு ஓடுது, நான் பாட்டுக்கு இருக்கறேன்" என்பாள். அது பாட்டுக்கு ஓடுகிற 'மரகத இல்லம்' தொடரை அவள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்த்தாள். சாயங்காலம் வீட்டில் சத்தத்தோடு ஒரு தடவை. மறுநாள் மத்தியானம் மறு ஒளிபரப்பை மில்லில் சத்தமில்லாமல் ஒரு தடவை. மில்லில் டிவி தராசுக்கு மேலே, மாவு படிந்த ஒரு பலகையில் உட்கார்ந்திருக்கும். மிஷின் ஓடும்போது அதில் யார் என்ன கத்தினாலும் கேட்காது. கேட்காததால்தான் அவள் கண் அப்படிக் கூர்மையாகிவிட்டது. வசனத்தில் மயங்குகிறவர்களுக்குப் புடவை மாறியது தெரியாது. மகாலட்சுமிக்குத் தெரியும்.

"நேத்து நெத்தியில இடது பக்கம் பிளாஸ்திரி. இன்னிக்கு வலது பக்கம். காயம் இன்னா நடந்து போவுமா?" என்பாள், அரிசியைக் கொட்டிக்கொண்டே. "தூங்கி எழுந்து வர்றாளாம். தலையில மல்லிப்பூ இப்பதான் வச்ச மாதிரி இருக்குது. தலகாணி மேல படுத்தாளா, ஃப்ரிட்ஜில படுத்தாளா?"

கதாநாயகி நித்யகல்யாணி போன பொங்கலுக்கு முன்னால் வாந்தி எடுத்தாள். தீபாவளி வந்து போய், அடுத்த பொங்கலும் வரப்போகிறது. இன்னும் அவளுக்கு ஏழாவது மாசம்தான். "ஒரு ஆனை கூட இன்னேரம் பெத்துப் போட்டுட்டு எழுந்து போயிருக்கும். இவளுக்கு டாக்டரு மாசத்த எண்ணச் சொல்லிக் குடுக்கலையா?" என்று மகாலட்சுமி கேட்பாள். செத்து, படத்துக்கு மாலை போட்டு, கருமாதியும் முடிந்த மாமனார் ஒரு நாள் வேறு முகத்தோடு வாசலில் வந்து நின்றார். விபத்தில் முகம் மாறிவிட்டதாம். "முகம் மாறிச்சு, சரி. ஒசரம் ஒரு அடி எப்படிக் கொறஞ்சிச்சு? லாரி மேல ஏறி அமுக்கிடிச்சா?"

மில்லுக்கு வருகிற பெண்கள் இதைக் கேட்கவே கொஞ்சம் நேரம் முன்னால் வருவார்கள். தெருவில் இடியாப்பம் விற்கும் வசந்தாவும், அங்கன்வாடியில் சமையல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கமலாம்பாளும் அவர்களில் முக்கியமானவர்கள். வசந்தா சீரியல் பார்த்து அழுகிற ரகம். அழுதுவிட்டு அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவள் எதற்காக அழுதாளோ அதையே மகாலட்சுமி கிழித்துத் தோரணம் கட்டுவாள். வசந்தா சிரித்துவிடுவாள். மறுநாள் திரும்பவும் அழுவாள்.

செஞ்சிக் கோட்டையில் வைத்து ஒரு வாரம் 'மரகத இல்லம்' எடுத்துவிட்டார்கள். அந்த வாரம் மகாலட்சுமிக்குத் திருவிழா. நித்யகல்யாணி தன் குடும்பம் பிழைக்க வேண்டும் என்று பட்டுப்புடவையும் குதிகால் செருப்புமாக ராஜகிரி மலை ஏறினாள். மலை உச்சியில் போய் மூச்சு வாங்கினாள். அடுத்த காட்சியில், அதே உச்சியில் கோட்டையின் கல்யாண மகால் நின்றது.

மகாலட்சுமி மிஷினையே நிறுத்திவிட்டாள்.

"கல்யாண மகாலு எங்க இருக்குது?"

"கீழ" என்றாள் வசந்தா.

"கீழ இருக்கறது மேல எப்படிப் போச்சு? இவ மடியில கட்டி எடுத்துக்கினு போனாளா? வயித்துப் புள்ளைக்காரி வேற! திரும்பி இறங்கி வர்றா பாரு, இறங்கற படி எந்த மலை? எதிர்த்தாப்ல இருக்கிற கிருஷ்ணகிரி! ராஜகிரியில ஏறி கிருஷ்ணகிரியில இறங்கறா. நடுவுல திருவண்ணாமலை ரோடு போவுதே, அத்த எங்க தாண்டினா? பஸ்ஸு லாரி எதுவும் மோதலையா?"

"தட்டுல தேங்கா பழம் வச்சிக்கினு போறாக்கா" என்றாள் வசந்தா, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று தெரிந்தே.

"தேங்கா பழம்! நம்ம கோட்டையில! அங்க இருக்கிற கொரங்குங்க அன்னிக்கு இன்னா, விரதமா?"

கமலாம்பாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மில்லில் அரைக்க நின்றவர்கள் தங்கள் டப்பாவை மறந்துவிட்டு நின்றார்கள். சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்து கதை எழுதுகிறவனுக்கு செஞ்சியில் ஒருத்தியும் கண்ணைத் திறந்து பார்க்க மாட்டாள் என்ற தைரியம். அந்தத் தைரியத்தைத்தான் மகாலட்சுமியால் தாங்க முடியவில்லை. பொய் சொல்வதில் அவளுக்குக் கோபமில்லை. கேட்கிறவர்களை மட்டமாக நினைத்துச் சொல்வதில்தான் கோபம்.

ஆனால் எல்லா நாளும் அப்படிச் சிரிப்பு வரவில்லை. போன மாசம் ஒரு நாள், நித்யகல்யாணியின் மாமியார் தன் இளைய மகனைப் பற்றித் தெருவில் ஒரு கதை விட்டாள். அவன் வீட்டை விட்டுப் போய் அடுத்த தெருவிலேயே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். மாமியாரோ அவன் அமெரிக்காவில் இருக்கிறான் என்கிறாள். தெருவே தலையாட்டுகிறது.

"இந்தக் கூத்த எங்கனா கண்டிருக்கீங்களா?" என்று மகாலட்சுமி ஆரம்பித்தாள். "அடுத்த தெருவுல இருக்கிறவன அமெரிக்காவுல இருக்கிறான்னு சொல்றா. அத்த ஒரு தெருவே நம்புது. அந்தத் தெருக்காரங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒருத்தி கூடவா கடைக்குப் போவல, ஒருத்தி கூடவா அவனப் பாக்கல? எழுதறவன் ஊருல இருக்கிறவன எல்லாம் முட்டாள்னு நெனச்சுட்டானா?"

வசந்தா தன் அரிசி டப்பாவுக்குள் எதையோ தேடினாள். கமலாம்பாள் மிளகாய்ப் பையின் கயிற்றை அவிழ்த்து, திரும்பவும் கட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மகாலட்சுமி நினைத்துக்கொண்டாள். நினைத்தவள் இன்னும் சத்தமாக அதையே திரும்பச் சொன்னாள்.

இனி அவளுடைய ரகசியம்.

மகாலட்சுமிக்கு ஒரே பெண், ரஞ்சனி. திண்டிவனத்தில் காலேஜ் படித்தாள். படிப்பு முடிந்த கையோடு வளவன் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வளவன் அரசுப் பள்ளி வாத்தியார், நல்ல குணம், குடிப்பழக்கம் இல்லை. மகாலட்சுமியே தேடிப் போயிருந்தாலும் இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்திருக்க மாட்டான். ஆனால் வல்லம் பக்கத்துக் காலனிப் பையன். வேண்டாம் என்பதற்கு அது ஒன்று போதும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒப்பாரி வைத்தாள், சாபம் விட்டாள், அப்புறம் மாவைத் தட்டிவிட்டு எழுந்து, தெருவுக்கு ஒரு கதை தயாரித்தாள். ரஞ்சனி பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போயிருக்கிறாள். லீவு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

பெங்களூரில் இருப்பதாகச் சொன்ன ரஞ்சனி பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிற திண்டிவனத்தில் இருந்தாள்.

ஆறு மாசம் போல பேச்சில்லை. அப்புறம் வாரம் ஒரு போன் என்று ஆனது. மகள் பேசுவாள், இவள் உம் கொட்டுவாள். நாளாக ஆக உம் பேச்சாகி, பேச்சு திட்டாகி, திட்டு வழக்கமான அம்மா மகள் பேச்சாகவே ஆகிவிட்டது. ஆனால் ஒன்றில் மட்டும் மகாலட்சுமி இறங்கவில்லை. "நீ இங்க வராத. நானும் அங்க வர மாட்டேன். இந்த ஜனங்களுக்கு நடுவுல மில்லு வச்சிப் பொழைக்கணும். தெரிஞ்சா சிரிப்பாளுங்க." அவளுடைய வீட்டுக்காரர் அரங்கநாதன் இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை. ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுக்கொண்டு, அதற்கு அடிக்கிற மருந்து வாங்கப் போவதும் வருவதுமாக இருந்தார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ரஞ்சனி போன் செய்தாள். மில்லில் கூட்டம். மகாலட்சுமி ஒரு காதைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"வெள்ளிக்கிழமை வளைகாப்பும்மா. அவங்க அம்மா எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாங்க. தாய் வீட்டு வளையல்தான் மொதல்ல போடணுமாம். நீ வர்றியா?"

"எப்படி வருவேன்? வர்ற வழியில எவளாவது பாத்துட்டான்னா?"

"பாத்தா பாக்கட்டும்."

"உனுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ."

ரஞ்சனி, "சரி, வராத. பிரசவ மருந்து மட்டும் நீ அரைச்சுக் குடு. கடையில பொட்டலமா விக்கறத நான் சாப்பிட மாட்டேன். உன் கையால அரைச்சதுதான் வேணும்" என்றாள்.

"குடுக்கறேன். பஸ்ஸுல கண்டக்டராண்ட குடுத்து அனுப்பறேன். நீ ஒழுங்கா சாப்படறியா?"

"சாப்படறேன். நைனா கொண்டாந்த மல்லாட்டைய வேவ வச்சி நேத்து அத்தனையும் நானே தின்னுட்டேன்."

"அத்தனையும் தின்னாத, வயிறு உப்பும்" என்று சொல்லி மகாலட்சுமி போனை வைத்தாள். நித்யகல்யாணியின் கம்மல் ஒரு காட்சியில் ஜிமிக்கியாகவும் அடுத்த காட்சியில் தோடாகவும் இருந்ததைக் கண்டுபிடித்தவள், மகளின் நைனாவான தன் வீட்டுக்காரர் எப்போது திண்டிவனத்துக்கு மல்லாட்டை கொண்டுபோனார் என்று கேட்கவில்லை.

மில்லில் இரண்டு மிஷின். ஒன்று மிளகாய், மல்லி, மசாலாவுக்கு. இன்னொன்று அரிசிக்கும் கோதுமைக்கும் கேழ்வரகுக்கும். அரிசி மிஷினில் வேறு எதையும் போடக் கூடாது என்பது மகாலட்சுமியின் சட்டம். சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதியே வைத்திருக்கிறாள். ஒரு தரம் வசந்தா, சளிக்குக் காபி போட்டுக் குடிக்கக் கொஞ்சம் சுக்கு கொண்டுவந்து, "மசாலா மிஷின்ல போட்டா காரமாயிடும்க்கா, இதுல ஒரு சுத்து விட்டுக் குடு" என்று கெஞ்சியதற்கு, "உன் ஒரு சுத்துக்கு ஊரு பூரா சுக்கு இட்லி திங்கணுமா?" என்று விரட்டியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, அவள் மருந்துச் சாமானை எடுத்தாள். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, வெயிலில் காயவைத்து, பக்குவமாக வறுத்தவை. மசாலா மிஷினுக்கு எதிரில் போய் நின்றாள். எவ்வளவு துடைத்தாலும் அதன் வாயில் மிளகாய் காரம் போகாது. பச்சை உடம்புக்காரி சாப்பிடுவது. பால் வழியாகக் குழந்தைக்குப் போவது. சுவரில் எழுதியிருந்த சட்டத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அரிசி மிஷினில் போட்டு, சல்லடையில் சலித்து, திரும்பவும் போட்டு, மை போல அரைத்து எடுத்தாள். பிறகு ஒரு படி பச்சரிசியைப் போட்டு மிஷினைக் கழுவுகிற மாதிரி ஓட்டினாள். மூக்கை வைத்துப் பார்த்தாள். காலையிலிருந்து அதையே முகர்ந்துகொண்டிருந்த மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. ஷட்டரை ஏற்றினாள்.

முதல் ஆளாக வசந்தா இடியாப்ப அரிசியோடு நின்றாள்.

மறுநாள் காலை வழக்கம்போல வசந்தாவிடமிருந்து இடியாப்பம் வந்தது. மகாலட்சுமி தேங்காய்ப் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். வைத்தவள் அப்படியே இருந்தாள். தொண்டையில் இறங்கியது இடியாப்பம் இல்லை, பிள்ளை பெற்று மூன்றாம் நாள் அவள் அம்மா உருட்டிக் கொடுத்த மருந்து. பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் அந்த ருசி சாகிற வரைக்கும் மறக்காது. தெருவில் பிள்ளை பெறாத பெண் என்று பார்த்தால் யாரும் இல்லை. வசந்தாவின் இடியாப்பம் போகாத வீடும் இல்லை.

எதிரே அரங்கநாதன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்குது. வயித்துக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு, மல்லாட்டைக்கு மருந்து வாங்கக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு மில்லில் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று அவள் காத்திருந்தாள். அரிசியைக் கெடுத்துவிட்டாயே என்று வசந்தா வந்து கத்தட்டும், பதிலுக்குக் கத்தலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தாள். ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை. வந்தார்கள், அரைத்தார்கள், போனார்கள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. எந்தத் தெருவில் இடியாப்பம் கசந்தால் இடியாப்பக்காரியை விட்டுவைப்பார்கள்? இந்தக் கதையில் ஏதோ ஒட்டவில்லை என்று அவளுக்குப் பட்டது.

மத்தியானம் வசந்தாவும் கமலாம்பாளும் வந்தார்கள். மகாலட்சுமி முந்திக்கொண்டாள்.

"வசந்தா, உன் அரிசிக்கு வேற அரிசி குடுத்துடறேன். எனக்குச் சளி. கொஞ்சம் சுக்கு அரைச்சேன். மிஷின் மாறிப் போச்சு."

"சரிக்கா" என்றாள் வசந்தா.

அந்தச் 'சரி' மகாலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. சீரியலில் தெருவே தலையாட்டுமே, அந்த மாதிரி இருந்தது.

"இன்னா சரி? சளிக்கு எவளாவது கண்டந்திப்பிலி போடுவாளா? நான் சொன்னா நீ கேட்டுக்குவியா?" என்று அவளே கத்தினாள். தன் பொய்யில் தானே ஓட்டை கண்டுபிடித்துவிட்டோம் என்பது வாயை விட்டு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வசந்தா கமலாம்பாளைப் பார்த்தாள். கமலாம்பாள் எழுந்து போய் மிஷின் சுவிட்சை அணைத்தாள். அந்த மில்லில் மகாலட்சுமியைத் தவிர வேறொருத்தி சுவிட்சைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. டிவியில் யாரோ ஒரு பெண் சோப்பைப் பற்றி உருகி உருகிப் பேசுவது தெளிவாகக் கேட்டது. கமலாம்பாள் அதையும் அணைத்தாள்.

"மாவு வறுக்கறப்பவே எனுக்குத் தெரிஞ்சிப் போச்சுக்கா" என்றாள் வசந்தா. "சுக்குக்கு என்னை வெரட்டினவ, இந்த மிஷின்ல மருந்து அரைச்சிருக்கறான்னா யாருக்கா இருக்கும்?"

"யாருக்கு?"

"நம்ம ரஞ்சனிக்குத்தான்."

"அவ பெங்களூர்ல..."

"யக்கா, போதும்" என்றாள் வசந்தா. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னாள். "எங்க நாத்தனா திண்டிவனத்துல அவ இருக்கிற தெருவுலயேதான் குடியிருக்கறா. மொத வாரமே எங்களுக்குத் தெரியும்."

மகாலட்சுமி தராசைப் பிடித்துக்கொண்டாள்.

"போன தீபாவளிக்குப் பெங்களூர்லேர்ந்து பொண்ணு புடவை அனுப்பிச்சான்னு காட்டின இல்ல? அந்தப் புடவை வந்த பை அதோ ஆணியில தொங்குது பாரு" என்றாள் கமலாம்பாள். "வருஷமா அதுலதான் நீ சோறு கொண்டாந்து திங்கற."

மகாலட்சுமி திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் பை. கடைப் பேருக்குக் கீழே, எட்ட நின்றே படிக்கிற மாதிரி, திண்டிவனம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"பெங்களூர்ல ஒரே மழைன்னு சொன்ன. அன்னிக்கு நியூஸுல அங்க தண்ணி இல்லாம லாரிக்குக் குடத்தோட நிக்கறான். நைட் ஷிப்ட்டுன்னு சொன்ன. அந்த நேரத்துல பின்னாடி போயி அவகிட்ட, சாம்பாரு வச்சியாடின்னு நீ கேக்கறது ரோட்டு வரைக்கும் கேக்குது. உன் தொண்டைக்கு ரகசியம் ஒரு கேடா?" என்றாள் வசந்தா. "உன் வீட்டுக்காரரு வாரா வாரம் மல்லாட்டைக்கு மருந்து வாங்கத் திண்டிவனம் போறாரு. செஞ்சியில இல்லாத மருந்துக் கடையா? போறப்ப மூட்டையோட போறாரு, வர்றப்ப வெறுங்கையோட வர்றாரு. மருந்து வாங்கப் போறவரு அப்படித்தான் வருவாரா?"

"அவருமா?" என்றாள் மகாலட்சுமி.

"எத்தினி ஓட்டைக்கா உன் கதையில! அந்த நித்யகல்யாணி கதையே தேவலாம். நாங்க ஒருத்தியாவது ஒரு வார்த்தை கேட்டோமா? நீ வாய் வலிக்கச் சொன்ன, நாங்க கழுத்து வலிக்கத் தலையாட்டினோம்."

மகாலட்சுமிக்கு அமெரிக்கா மகன் ஞாபகம் வந்தது. அந்தத் தெருக்காரர்களுக்குக் கண் அவிந்தா போச்சு என்று இரண்டு தடவை கத்தியது ஞாபகம் வந்தது. டப்பாவுக்குள் எதையோ தேடிய வசந்தாவும், கயிற்றை அவிழ்த்துக் கட்டிய கமலாம்பாளும் ஞாபகத்துக்கு வந்தார்கள். காது சுட்டது. இவர்கள் சிரிப்பார்கள் என்றுதானே பெண்ணை வாசல் மிதிக்க விடாமல் வைத்தாள்? சிரிக்கிறவர்கள் முதல் வாரத்திலேயே சிரித்திருக்கலாம். அவர்கள் சிரிக்கவில்லை. யாருக்காகப் பெற்ற பெண்ணை இரண்டு வருஷம் பார்க்காமல் இருந்தாளோ, அவர்கள் எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவள் கதையின் ஓட்டைகளை அவளைத் தவிர எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இப்படி ஒரு கேவலமான கதையை எந்த டிவிக்காரனும் எழுதியிருக்க மாட்டான் என்று நினைத்தாள். அழுகை வந்தது. சீரியலுக்கு அழுகிறவர்களை எவ்வளவு கேலி செய்திருக்கிறாள் என்பதால் மூக்கை உறிஞ்சி அடக்கிக்கொண்டாள்.

"ஏண்டி, என்னாண்ட மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு இன்னாடி?"

"உன்னாண்ட யாரு வாயக் குடுக்கறது?" என்றாள் கமலாம்பாள். "நீயா சொல்லுவன்னு பாத்தோம். நீ அடுத்த எபிசோடு, அடுத்த எபிசோடுன்னு போய்க்கினே இருந்த."

வசந்தா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, "இன்னொண்ணு இருக்குதுக்கா" என்றாள். "வெள்ளிக்கிழமை நாங்க போறோம். ரஞ்சனியே போன் பண்ணிக் கூப்டுச்சு. தெருவுல எல்லாரையும் கூப்டுச்சு. உன்னாண்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் திருவண்ணாமலைக்கு கிரிவலம் போறோம்னு சொல்லிட்டுக் கெளம்பலாம்னு இருந்தோம்."

மகாலட்சுமி நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் பழையபடி வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை கிரிவலமா? பௌர்ணமி போயி பத்து நாளாவுது! அமாவாசைக்குப் பக்கத்துல எவடி கிரிவலம் போவா? திருவண்ணாமலை பஸ்ஸு மேக்கால போவும், திண்டிவனம் பஸ்ஸு கெழக்கால போவும். நான் பஸ் ஸ்டாண்டாண்ட வந்து பாத்தா இன்னா சொல்லியிருப்பீங்க? ஒரு பொய்ய ஒழுங்கா கட்டத் தெரியுதா ஒருத்திக்காவது!"

கமலாம்பாள் முதலில் சிரித்தாள். அப்புறம் வசந்தா. மகாலட்சுமி சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்து உதறி, மருந்து டப்பாவை அதில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மில் பூட்டிக் கிடந்தது. திண்டிவனம் பஸ்ஸில் பாதி செஞ்சிப் பெண்களாக இருந்தார்கள். புளிசாதமும் தயிர்சாதமும் எலுமிச்சை சாதமும் தூக்கு தூக்காக வந்தன. அரங்கநாதன் கடைசி சீட்டில் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். "மல்லாட்டைக்கு மருந்து வாங்க வர்றீங்களா?" என்று மகாலட்சுமி முன் சீட்டிலிருந்து கேட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே ராஜகிரியைப் பார்த்தார்.

பந்தலில் ரஞ்சனி மணையில் உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பி, கன்னம் பூத்து, சந்தனமும் குங்குமமுமாக, மகாலட்சுமிக்கு முதலில் யாரோ போல இருந்தது. வளவனின் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்து, "வாங்க சம்பந்தி, நீங்க வந்துதான் ஆரம்பிக்கணும்னு உக்காந்துகினு இருக்கறோம்" என்றாள். இரண்டு வருஷமாக மகாலட்சுமி பயந்துகொண்டிருந்த முகம் அதுதான். அதில் பயப்பட ஒன்றுமே இல்லை. வேலை செய்து களைத்த, தன் வயசுப் பெண்பிள்ளை ஒருத்தியின் முகம். மகாலட்சுமி அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

வேப்பிலைக் காப்பைப் போட்டாள். கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாக ஏற்றினாள். மகள் கை வீங்கியிருந்தது. வலிக்காமல் ஏற்ற வேண்டியிருந்தது. மகள் அவளைப் பார்க்கவில்லை, வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்ததைச் சொல்ல மகாலட்சுமி குனிந்தாள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, சரி. ஆனாலும் மகள் முடியாது என்று சொல்லிவிட்டால்? அதைத் தெருவே பார்க்க வேண்டுமா? அதனால் அதை ரகசியமாகத்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். ரஞ்சனியின் காதோரம் வாயை வைத்து, தன்னால் முடிந்த மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"பிரசவத்துக்கு நம்ம வூட்டுக்கு வர்றியாடி?"

பந்தல் முழுக்கக் கேட்டது. சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். வசந்தா பேச்சை நிறுத்தினாள். கடைசி வரிசையில் அரங்கநாதன் எழுந்து நின்றுவிட்டார்.

ரஞ்சனி வளையலை ஒரு தடவை குலுக்கிப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து, அம்மாவின் அதே தொண்டையில் சொன்னாள்.

"வரலாம்மா. ஆனா பெங்களூர்ல லீவு குடுக்க மாட்டாங்களே."